மூடிய திரையின் படங்கள்

"பசை காய்ஞ்சு போச்சு, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார் என் கணவர். மகளின் பள்ளி நாடகப் படங்களை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் கடையிலிருந்து திரும்புவதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

சில மாதம் கழித்து மகளும் நானும் மிச்சப் படங்களை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு நாடகத்திலும் ஒரு படம் எனக்குப் பிடிபடவில்லை. மூடிய திரை மட்டும்தான் இருந்தது, ஆளைக் காணோம்.

"உங்கப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அமுக்கியிருக்கார்" என்று ஒதுக்கி வைத்தேன்.

"ஐயோ அம்மா, தூக்கிப் போட்டுடாதே! கீழே பாரு."

திரைக்கு அடியில் இரண்டு கால்கள். ஒரு படத்தில் ராஜா வேஷத்துச் செருப்பு, இன்னொரு படத்தில் அட்டையில் வெட்டிய சேவல் நகங்கள்.

"நாடகம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு பயமா இருக்கும். திரைகிட்ட நின்னு காலைத் தட்டுவேன். அப்பா உடனே ஃபிளாஷ் அடிப்பார். துணி வழியா வெளிச்சம் தெரிஞ்சா, அவர் பார்த்துட்டார்னு அர்த்தம்."

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"நீ பக்கத்து சீட்டுல கதையளந்துட்டு இருப்பே."

அந்தப் படங்களுக்கு முழுப் பக்கம் ஒதுக்கினோம். அவளுடைய அடுத்த நாடகத்துக்கு நான்தான் கேமராவோடு போனேன். பள்ளிக்கூடத்துத் திரை இன்னும் தரைக்கு ஒரு சாண் மேலேதான் நிற்கிறது.