பத்து மணி நேரத் தள்ளுபடி

திரைச்சீலைக் கடைக்காரர் இதுவரை எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. ஆகவே, மனைவியின் தம்பி, விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பவன், "பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினஞ்சு மணி நேரம் மாமா" என்றதும் அவருக்கு நாக்கு துறுதுறுத்தது.

"நம்ம ஆளுக்கு எவ்வளவு குறைப்பே, மச்சான்?"

"விமானத்தை நானா ஓட்டறேன்?"

விஷயம் விளையாட்டில்லை. கடல் தாண்டி இருக்கும் மகளுக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் பிரசவம். அம்மா வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அம்மாவோ, "ஆறு மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் ஏற மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இவர் துணைக்குப் போகலாம்தான். கடையை யார் பார்ப்பது என்பது அவர் ஊருக்குச் சொல்லும் பதில். மேல்தட்டுத் துணியை எடுக்க ஏணியில் மூன்று படி ஏறினாலே கால் உதறும் என்பது சொல்லாத பதில்.

மச்சான் அச்சடித்த தாளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. புறப்பாடு காலை எட்டு. வருகை, அதே நாள் பகல் ஒன்று.

"அது அந்த ஊர் மணி மாமா. அவங்க நமக்குச் சுமாரா பத்து மணி நேரம் பின்னாடி."

"அதை உங்க அக்காகிட்ட நீ ஏன் சொல்லப் போறே?"

கடையில் மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். தாளை மேஜைமேல் விரித்து, "அஞ்சே மணி நேரம். நீ கேட்டதுக்கு ஒண்ணு கம்மி" என்றார்.

அவள் தாளைத் துணி மாதிரி இரண்டு பக்கமும் புரட்டினாள்.

"ஏங்க, நான் காலைல பல் தேய்ச்சுக்கிட்டே பேசறப்போ உங்க பொண்ணு ராத்திரிச் சாப்பாடு முடிச்சுத் தட்டு கழுவறா. அந்தப் பத்து மணி நேரத்தை இதுல எங்கே மடிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் தாளை மெல்ல மடித்தார். "அதுக்காகப் போகலைன்னு சொல்லிடாதேம்மா. பொண்ணு பாவம்."

"போறேன். காட்டின அஞ்சு மணி நேரம் நான் தனியா உட்கார்ந்துக்கறேன். மறைச்ச பத்து மணி நேரம் நீங்க பக்கத்துல உட்காருங்க."

"பாதி வழியிலயா வந்து ஏறுவேன்?"

"அது உங்க கவலை."

"கடை?"

"பூட்டு இருக்கில்ல? அதையும் பேரம் பேசித்தானே வாங்கினீங்க!"

விமானம் கிளம்பி நான்கு மணி நேரம் ஆனது. மனைவி கண்ணை மூடிச் சொகுசாகச் சாய்ந்திருந்தாள். கடைக்காரர் இரண்டு கைப்பிடிகளையும் விடாமல் பிடித்தபடி பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"இன்னும் எவ்வளவும்மா?"

"பதினோரு மணி நேரம், சார்."

"கடைசியாச் சொல்லு."

மனைவி கண்ணைத் திறக்கவேயில்லை. "கட்டாதுன்னு எழுந்து நடந்தாக் கூப்பிட்டுக் குறைக்க இது கடைவீதி இல்ல. பேசாம உட்காருங்க."