பாதிரியார் என்று பெயர் வைக்கப்பட்ட கைப்பேசி

பல்மிரா நகரத்தின் பெரிய பூங்காவில், குதிரை வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், தெயானிரா நிமிடங்கள் விற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய இடுப்புப் பட்டையில் ஆறு கைப்பேசிகள், ஒவ்வொன்றும் ஒரு சங்கிலியில். யாரும் வரலாம், பேசலாம், பேசிய நிமிடத்துக்குக் காசு கொடுத்துவிட்டுப் போகலாம். சொந்தக் கைப்பேசி வைத்திருந்தவர்களும் அதை அழைப்பு வாங்க மட்டும் வைத்துக்கொண்டு, பேசுவதற்கு அவளிடம் வந்தார்கள். அவளிடம் மலிவு.

பேசிக்கொண்டே நடந்து காணாமல் போகிற ஆட்கள் இருந்ததால் சங்கிலி வேண்டியிருந்தது. அந்தச் சங்கிலியோ இரண்டு முழம்தான். பேசுகிறவர் வாய்க்குப் பக்கத்திலேயே அவள் நின்றாக வேண்டும். அதனால் அந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. வாடிக்கையாளர் பேசத் தொடங்கியதும் விற்பவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காதில் விழுந்தது காதோடு போய்விடும். விழுந்ததை வெளியே சொன்னவளிடம் மறுநாள் ஒருவரும் வரமாட்டார்கள்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. தலைநகரத்தில் ஓர் அலுவலகம், நீதிமன்ற அனுமதி இல்லாமல், நீதிபதிகள், வாத்தியார்கள், சங்கத்துக்காரர்கள் என்று தொடங்கி, ஊர் ஊராகத் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்கிறது என்று எழுதியிருந்தார்கள். உள்ளே வேலை செய்கிற ஒருவரே சொன்னாராம். பெயர் போடவில்லை.

"கேக்கட்டுமே," என்றார் லாட்டரிச் சீட்டு விற்கும் எலியேசர். "என்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு? திருடனுக்குத்தான் பயம்."

"அப்படியா தோன் எலியேசர்?" என்றாள் பழச்சாறு விற்கும் நோரா. பெரியவர்களை அங்கே 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். "அப்ப இந்த வாரம் உங்களுக்குன்னு எடுத்து வெச்ச நம்பர் என்னன்னு சொல்லுங்க, கேப்போம்."

"அது வேற."

"எப்படி வேற?"

"சொன்னா ராசி போயிரும், மகளே."

சிரித்தார்கள். தெயானிராவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு வேறொரு நினைவு வந்தது. சில வியாழக்கிழமைகளில் ஓர் ஆள் வருவான். சட்டை நன்றாகத் தேய்த்திருக்கும். இடது கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவான். அவள் முகத்தைத் திருப்பியிருந்தாலும் அவன் பேச்சில் ஒரு வாக்கியம் வந்து விழுந்திருந்தது: "நான் கேட்டதைத்தான் சொல்றேன், நானே பதிவு பண்ணினதைத்தான் சொல்றேன்." செய்தியைப் படித்ததும் அது யார் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

அடுத்த வாரம் நடுப்பகலில் இரண்டு வண்டிகள் வந்து பூங்காவை மறித்தன. துப்பாக்கியோடு ஆட்கள் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை பெனாவிதெஸ் என்ற அதிகாரி. ஓர் எண்ணை அழைத்தார். தெயானிராவின் இடுப்பில் மூன்றாவது கைப்பேசி அடித்தது. அவள் அப்போது அந்த ஊரில் வேகவைத்து விற்கும் சின்னப் பனைப்பழத்தை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். விரலைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"நிமிஷம் வேணுமா?" என்றாள்.

அதிகாரி எதிரே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து வண்டிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். பல மாதங்களாக அந்த அலுவலகம் அந்த எண்ணைக் கவனித்து வந்திருக்கிறது. ஒரே நாளில் ஆயர் இல்லத்துக்கும் கசாப்புக் கூடத்துக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் இரண்டு காதலிகளுக்கும் பேசுகிற, பல குரலில் பேசத் தெரிந்த, பிடிபடாத ஒரு பெரிய சதிகாரன் என்று முடிவு கட்டி, அவனுக்குப் 'பாதிரியார்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். நாளிதழுக்குப் பேசியதும் அதே எண் என்றதும் பிடிக்கப் புறப்பட்டு வந்துவிட்டார்கள். நிமிடம் விற்கும் கைப்பேசி என்று ஒன்று இருப்பது, காரில் அலுவலகம் போய்க் காரில் வீடு திரும்புகிற அந்தப் பெரியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

பெனாவிதெஸ் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார். குரலும் கனிந்தது.

"அம்மா, உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. பத்திரிகைக்குப் பேசின ஆள் யாரு? அதை மட்டும் சொல்லுங்க."

"நான் திரும்பி நிக்கிறவ, ஐயா."

"பரவாயில்ல. குரலைக் கேட்டாத் தெரியும்ல?"

பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து ஒலிபெருக்கியை இணைத்தார். சுற்றி இருந்தவர்களையும் கூப்பிட்டார். "யார் யார் குரல்னு சொல்லிட்டீங்கன்னா, மிச்சம் இருக்கிறது அவன். அவ்வளவுதான்."

முதலில் வந்தது வண்டிக்காரன் எரால்தோவின் குரல். மாமியாரைப் பற்றி அண்ணனிடம் அவன் சொன்ன வார்த்தைகளைக் கேட்டுப் பூங்காவே சிரித்தது. "டேய், இன்னைக்கு ராத்திரி உனக்குக் குதிரையோடதான் படுக்கை," என்றாள் நோரா. எரால்தோவும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அடுத்து ஆசிரியை ஒருத்தி விடுப்பு கேட்டாள். அடுத்து யாரோ கடன் தவணை கேட்டார். சிரிப்பு குறைந்தது.

பிறகு ஒரு வயதான குரல் வந்தது.

"வெச்சிராத, மகளே. நீ பேச வேண்டாம். திட்டவும் வேண்டாம். சும்மா மூச்சு விடு, போதும். நான் கேட்டுக்கிறேன்."

அதன் பிறகு பதிவில் வெறும் இரைச்சல் ஓடியது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் மூச்சு, பூங்கா முழுக்கக் கேட்டது. நோரா பழம் அரைக்கும் யந்திரத்தை நிறுத்தினாள். எலியேசர் தொப்பியைக் கழற்றி, சீட்டுக்கட்டை அதற்குள் போட்டு, மறுபடி வெளியே எடுத்தார். அவருக்கு மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

தெயானிரா போய் மடிக்கணினியை அறைந்து மூடினாள்.

"அது அரசாங்கச் சொத்து," என்றார் பெனாவிதெஸ்.

"பெட்டி உங்களோடது. உள்ள இருக்கிறது அவரோடது."

"பத்திரிகைக்குப் பேசினவனைப் பிடிக்கத்தான் இவ்வளவும். உங்களுக்கு அவனைத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டு வேலையைப் பாருங்க. எழுதிட்டுப் போயிடறேன்."

தான் தப்பிக்க அவர் ஒரு வழி காட்டுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. தெரியாது என்று ஒரு சொல். மாலையில் அடுப்பெரியும், கைப்பேசிகள் இடுப்பிலேயே இருக்கும். ஆனால் தெரியாது என்று சொன்னால், அவர் கேட்டதில் தப்பில்லை, பதில்தான் இவளிடம் இல்லை என்று ஆகிவிடும்.

"தெரியும்," என்றாள். "நல்லாத் தெரியும். இந்தத் தெருவுல வந்தாலே தெரியும். சொல்ல மாட்டேன்."

"யோசிச்சுப் பேசுங்க."

"இங்க பேசுறவங்க ரெண்டு முழத்துல என்னை வெச்சுக்கிட்டுப் பேசுறாங்க. நான் திரும்பிக்கிறேன்னு நம்பித்தான் பேசுறாங்க. உங்களை யாரும் நம்பிப் பேசல. நீங்க திருட்டுத்தனமா வந்து நின்னுக்கிட்டீங்க. நான் எதுக்கு உங்களுக்குப் பதில் சொல்லணும்?"

அவர்கள் ஆறு கைப்பேசிகளையும் கழற்றிக்கொண்டார்கள். அவளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். காவல் நிலையத்தில் அதே கேள்வி, அதே பதில். கடைசியில் ஒரு வழக்கைப் போட்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் அந்தச் செய்தியின் இரண்டாம் பகுதி வந்தது, இந்த முறை அலுவலகத்தின் மாடி எண் முதற்கொண்டு. அந்த வியாழக்கிழமை ஆள் அகப்படவில்லை என்று அவள் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை, கைப்பேசி இல்லாத ஆறு சங்கிலிகளையும் கட்டிக்கொண்டு அவள் பூங்காவுக்கு வந்தாள். ஏன் கட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டில் உட்கார்ந்தால் பயந்துவிட்டாள் என்பார்கள். அது மட்டும் கூடாது.

எலியேசர் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் தன்னுடைய கைப்பேசியைச் சங்கிலியில் மாட்டினார்.

"வித்துக்கோ," என்றார்.

"தோன், இது உங்க நம்பர். கண்டவங்க பேசினா எல்லாம் உங்க பேர்ல விழும்."

"விழட்டும். என் பேர்ல ஆயிரம் பேர் பேசினா, நான் பேசினது எதுன்னு எவன் கண்டுபிடிப்பான்?"

எரால்தோ மாட்டினான். "மாமியார் வீட்டுக்கு மட்டும் இதுல போடாதே," என்றான். நோரா மாட்டினாள், பதிவில் விடுப்பு கேட்ட ஆசிரியையும் வந்து மாட்டினாள். மத்தியானத்துக்குள் சங்கிலி போதவில்லை; குதிரைக் கடிவாளத்து வாரை வெட்டிக் கட்டினார்கள். பூங்காவில் ஒருவரும் தன் கைப்பேசியில் பேசவில்லை. எரால்தோ நோராவினுடையதில் பேசினான், நோரா ஆசிரியையினுடையதில், ஆசிரியை எலியேசருடையதில்.

எதிர் பெஞ்சில் கண்காணிப்புக்கு ஒருவனை விட்டிருந்தார்கள். யார் எந்த எண்ணில் பேசுகிறார்கள் என்று காலையிலிருந்து கவனித்துக் கவனித்துக் களைத்துப்போய், கடைசியில் எழுந்து அவளிடமே வந்தான்.

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான்," என்றாள் தெயானிரா. "போன வாரம் எல்லாரையும் கூப்பிட்டு, ஒரே நம்பர்ல எத்தனை பேர் பேசலாம்னு ஒலிபெருக்கி வெச்சுப் போட்டுக் காட்டுனீங்களே."

அதற்குள் யாரோ வாரைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அந்தப் பக்கம் போனாள்.