ஷரிபுதீன் காக்கா வீட்டுப் படிகள்

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் தெருவில் எல்லாருடைய கூரையையும் கொண்டுபோனது. ஷரிபுதீன் காக்காவுக்கு மட்டும் ஒரு கல்வீட்டைக் கொண்டுவந்து தந்தது. கல்முனைப் பசாரில் கூரைத் தகரம் விற்றவருக்கு அப்படித்தானே நடக்கும்.

வீடு மகள் நதீராவுக்குச் சீதனம். எங்கள் பக்கத்தில் வீடில்லாத குமர்ப்பிள்ளைக்கு மாப்பிள்ளை இல்லை. ஓதம் ஏறிய வீடிருந்தாலும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று மாரிக்குள் வெளிச்சுவரில் ஈரம் முழங்காலளவு ஏறி, சாந்து பொருக்குவிட்டு உப்புப் பூத்தது. காக்கா சீமெந்து பூசினார். ஈரம் சீமெந்துக்கு மேலால் தலையை நீட்டியது. அதை மறைக்கக் கறுப்புத் தாரில் பட்டி இழுத்தார். அடுத்த மாரிக்குப் பட்டி இடுப்புக்கு வந்தது, அதற்கடுத்ததற்கு ஜன்னலுக்கு. ‘காக்காட வீடு சாரனை நெஞ்சில கட்டியிரிக்கி’ என்று நான் சொன்னது எப்படியோ தெரு முழுக்கப் பரவிவிட்டது.

வீடு பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைக் கூட்டம் சர்பத்தைக் குடித்துவிட்டுச் சொல்லியனுப்புவதாகப் போனது. போனதுதான். பெருநாளுக்கும் நல்ல காரியத்துக்கும் கடற்கரை வெள்ளை மண்ணை வீட்டைச் சுற்றி வளவில் பரப்புவது எங்கள் வழக்கம். மற்றவர்கள் ஒரு மாட்டுக் கரத்தை மண் கொண்டுவந்து பறித்தால் காக்கா மூன்று பறிப்பார். சம்பந்தம் தட்டிப்போகப் போக மண் கூடியது.

பிறகு ஒலுவிலிலிருந்து சபூறா வந்தா, தபால் கந்தோரில் வேலை பார்க்கும் மகனுக்காக. பக்கத்து வீட்டுக்காரி எனக்கு அழைப்பில்லைதான். ஆனால் காக்காவின் பெண்சாதி ஹாஜறா தனியாக எப்படி வட்டிலப்பம் அவிப்பா?

சபூறா சுவரைப் பார்க்கவேயில்லை. காலடியைப் பார்த்தா.

“காக்கா, இந்த ஊட்டுக்குப் படி வெக்கல்லயா?”

“வெச்சன், மூணு படி” என்றார் காக்கா பெருமையாக.

“எங்க?”

எல்லாரும் குனிந்து பார்த்தோம். வளவிலிருந்து விறாந்தைக்குக் காலைத் தூக்காமலே நடந்து போகலாம். அந்தத் தெருவில் நான் கவனிக்காமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

“மண்ணுக்குள்ள இரிக்கும்” என்றார் காக்கா, சத்தம் இறங்கி.

“படி உள்ளுக்குப் போனா செவரும் போயிரிக்குமே. உப்பு மண்ணக் கொண்டாந்து செவருல அணைச்சி வெச்சிரிக்கீங்க. அது மழத்தண்ணிய விடாது. மேலால தாரப் பூசினா ஈரம் இன்னும் மேலதான் ஏறும்.”

“ஊடு பாக்க வாற ஆக்களுக்கு மரியாதைக்குத்தானே தங்கச்சி பரப்பின.”

“மரியாதை ஜன்னல் வரைக்கும் வந்திட்டு, காக்கா.”

மண்ணை அள்ளி, சீமெந்தைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசட்டுமாம். வாற மாரியைச் சுவர் தாங்கினால் கலியாணம், இல்லையென்றால் அவர்கள் பாட்டுக்கு ஒலுவிலில் இருப்பார்களாம். வட்டிலப்பத்தை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுப் போனா.

“படி எண்ணவா வந்தவ, மாப்பிள்ள குடுக்கவா?” என்று காக்கா குதித்தார்.

திரைக்குப் பின்னால் நின்ற நதீரா மம்பட்டியோடு வெளியே வந்தாள்.

“வாப்பா, நீங்க அள்ளுறீங்களா, நான் அள்ளட்டா?”

குமர்ப்பிள்ளை நடுவளவில் மண் வெட்டுவதைத் தெரு பார்க்கலாமா? காக்கா மம்பட்டியைப் பறித்துக்கொண்டார்.

படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஓதம் ஏறாதிருக்க வீடு கட்டும்போதே அத்திவாரத்தின் மேல் அவரே காசு கொடுத்துப் பூசுவித்த தாரும், அவரே போட்ட மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தது. சும்மா கிடைத்த வெள்ளை மண்ணைத் தெருச்சனம் கடகம் கடகமாக அள்ளிப்போனது.

மாரி முடிந்ததும் சபூறா வந்தா. சுவரில் உள்ளங்கையை வைத்தா, கையை மணந்து பார்த்தா. பிறகு மூன்று படியையும் வேண்டுமென்றே மெதுவாக ஏறி, “பிஸ்மில்லாஹ், நாளக் குறிப்பம்” என்றா.

கலியாணத்துக்கு முதல்நாள் கடப்படி வாசலில் மண் கரத்தை வந்து நின்றது.

“கலியாண ஊட்டுக்கு மண் பரப்பாட்டி ஊர் என்ன கதைக்கும்?” என்றார் காக்கா.

கையில் மருதோன்றியோடு நதீரா ஜன்னலைத் திறந்தாள். “கரத்தக்காரக் காக்கா, மாட்டத் திருப்புங்க.”

பாவம், அவ்வளவு பாரத்தையும் மாடு திரும்ப இழுப்பதா? எங்கள் வளவில் பறிக்கச் சொன்னேன். அடுத்த கிழமை என் மகள் றுகையாவுக்கு வீடு பார்க்க வருகிறார்கள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. அதோடு, எங்கள் வீட்டுக்கு நாலு படி.