உச்சி மாடியில் நின்ற காற்று

அக்டோபர் கடைசியில், குளிருக்காகக் கட்டடத்துக் குழாய்களில் வெந்நீர் விட்டார்கள். பத்து நாளாகியும், அந்த வெந்நீரால் அறையைச் சூடாக்கும் என் ரேடியேட்டரில் முதல் மூன்று பட்டைகள் மட்டும் சுட்டன. மற்றவை ஜில்லென்று கிடந்தன. கீழ்வீட்டு லீவியு வந்து தடவிப் பார்த்தான். உச்சி மாடியில் காற்று அடைத்து நிற்கிறது, அங்கே ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்தால்தான் இந்தக் குழாயை நம்பியிருக்கும் ஐந்து வீட்டுக்கும் சூடு ஒழுங்காக வரும் என்றான். எனக்குத் தெரியாதா? வருடா வருடம் அந்தத் திருகின் சாவியோடு மேலே போய் அதைச் செய்தவர் என் கணவர் கிரிகோரே. ஏப்ரலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நீயே போய்த் திறந்துவிடேன் என்றேன்.

"போனேன்க்கா. ஸ்மாரண்டாக்கா உள்ளயே விடல. உங்க ரெண்டு பேர் வீறாப்புல அஞ்சு வீடு விறைக்குது."

உச்சி மாடி ஸ்மாரண்டாவும் நானும் ஒரே வாரத்தில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதுப்பெண்கள். காபி கொதித்ததும் கரண்டியால் குழாயை இரண்டு தட்டு தட்டுவாள். போட்டது போட்டபடி ஓடுவேன். குடித்த கோப்பையைக் கவிழ்த்து, கசடில் குறி பார்த்து, எனக்காகக் காத்திருக்கும் மூன்று கப்பல் மாலுமிகளையும் ஒரு அமைச்சரையும் காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்படி ஒரு சிரிப்பு அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

பிறகு, அரசாங்கம் சூட்டை அளந்து விட்ட அந்தக் குளிர்காலம் வந்தது. கிரிகோரேயை நச்சரித்து, எங்கள் ரேடியேட்டரில் நான்கு பட்டைகளைத் திருட்டுத்தனமாகச் சேர்க்க வைத்தேன். எங்கள் அறை கதகதப்பானது; மேலே போன தண்ணீர் ஆறிப்போனது. ஸ்மாரண்டா குழாயை இடி இடியென்று இடித்தாள். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அவளுடைய கைக்குழந்தை நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரிக்குப் போனது. நல்லவேளை, பையன் பிழைத்துவிட்டான்; இப்போது வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறான். கிரிகோரே அன்றே பட்டைகளைக் கழற்றிவிட்டு, மேலே போய் மன்னிப்புக் கேட்டார். நான் போகவில்லை. வெட்கம்தான், வேறென்ன. அதைக் கோபம்போல் பதினோரு வருடம் காட்டிக்கொண்டேன்.

லீவியு போனதும், கிரிகோரேயின் சாவியை எடுத்துக்கொண்டு படியேறினேன். அவள் கதவைத் திறந்தாள். வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியும். அவள் வீடு என் வீட்டைவிடக் குளிர்ந்து கிடந்தது. ஒரு பட்டையில்கூடச் சூடு இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் நேரே ரேடியேட்டரிடம் போய்த் திருகினேன். காற்று சீறிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து கீழே பிடித்தாள். கடைசியில் கறுப்புத் தண்ணீர் துப்பியது. திருகை மூடினேன்.

"பையன் விஷயத்துல தப்பு என்னோடதுதான், ஸ்மாரண்டா," என்றேன். பேச்சை மாற்ற வேண்டி, "பத்து நாளா இந்தக் குளிர்லயா கெடந்த? லீவியு வந்தானே, அவனையே தெறக்க விட்டிருக்கலாமே," என்றேன்.

அவள் கிண்ணத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் தெறந்துட்டா, நீ எதுக்குடி மேல வரப்போற?"