நாற்பத்து மூன்றாவது தூண்

1

“நிறுத்துங்கடா!”

வோல்ஃபெர்ட் மேஸ்திரி கையை உயர்த்தினார். முப்பத்தெட்டு பேரும் வடத்தை இறுக்கிப் பிடித்தார்கள். முக்காலிச் சாரத்தின் உச்சியில், தூணை அடித்து இறக்கும் இடிகட்டை அந்தரத்தில் தொங்கியது. அதற்கு நேர் கீழே, சேற்றில் தலை மட்டும் தெரிய, அஸ்திவாரத்தின் கடைசி மரத்தூண். நாற்பத்து மூன்றாவது.

(இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதிக் கிழித்தேன். ஒன்று மட்டும் சாம்பிளுக்கு: ‘ஆம்ஸ்டர்டாம் நகரம், தலைகீழாக நட்ட ஒரு காட்டின் மேல்—’ அழகுதான். ஆனால் அதில் யாருக்கும் அவசரமில்லை.)

கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கால்வாய்க்கரை வீட்டில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். வீட்டுக்கு வயது முந்நூற்றறுபது. போன மாதம் அடித்தளத்தைத் திறந்து பார்த்தவர்கள், மூலைத் தூண் ஒன்று மட்டும் வரிசையிலிருந்து ஒரு முழம் விலகி நிற்கிறது என்றார்கள். மற்றதெல்லாம் நூல் பிடித்த மாதிரி.

“ஏன்?” என்றேன்.

“அடிச்சவனைத்தான் கேக்கணும்.”

கேட்கப் புறப்பட்டேன். ஆக, தூண் இடம் மாறும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. சஸ்பென்ஸ் போயிற்று என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். நான் ஒளித்து வைத்திருப்பது வேறு.

2

அன்று இந்த வீட்டைக் கட்டியவள் அலைடா, துணி வியாபாரி. செங்கல் ஏற்றிய படகு அவள் முதுகுக்குப் பின்னால் கால்வாயில் காத்திருந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, மேஸ்திரியின் எதிரே வந்து நின்றாள்.

“என்ன மேஸ்திரி, பாட்டு மறந்துபோச்சா?”

வோல்ஃபெர்ட்டின் வேலையே பாட்டுதான். அவர் பாட, வரி முடிகிற இடத்தில் முப்பத்தெட்டு பேரும் தேர் இழுப்பது போல் இழுக்க, இடிகட்டை ஏறி விழும். கரை நெடுக ஜன்னல்கள் அதிரும். பெண்கள் பால் சட்டியைப் பிடித்துக்கொள்வார்கள்.

“இந்தத் தூண் சரியில்லம்மா.”

“முப்பது தடவ இடிச்சும் ஒரு விரல்கூட இறங்கல. கெட்டி மணலைத் தொட்டாச்சுன்னு அர்த்தம். தலைய அறுத்துட்டுப் பலகையப் போடுங்க.”

“மத்ததெல்லாம் நாற்பது அடி போச்சு. இது முப்பத்தாறுலயே நிக்குது.”

“பூமிக்குள்ள மணல் என்ன இஸ்திரி போட்டா விரிச்சிருக்கு? மேடு பள்ளம் இருக்காதா?”

முதல் வடக்காரன் யெல்லே, வடத்தை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு முன்னால் வந்தான்.

“அண்ணே, பிடுங்க மட்டும் சொல்லாதீங்க. பீர் பீப்பா வர்ற நேரம். காலையில அடிச்சோம், மத்தியானம் பிடுங்கினோம்னா என் பொண்டாட்டி சிரிக்க மாட்டாளா?”

“உன்னக் கட்டிக்கிட்ட அன்னிக்கே சிரிச்சு முடிச்சிருப்பா,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

3

இங்கே பேனா நின்றுவிட்டது. வோல்ஃபெர்ட்டை நானே நம்பவில்லை. இந்தப் பிடிவாதம் இவருக்கு எதற்கு?

யோசித்துப் பாருங்கள். படிக்கட்டு போல் ஏறும் முகப்பையும், ஆளுயர ஜன்னல்களையும் ஊரே அண்ணாந்து பார்க்கும். தூணை எவன் பார்க்கிறான்? தண்ணீருக்கடியில் போனபின், அங்கே பொய் இருக்கிறதா மெய் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. வீடுகளோ தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. ஒன்று சரிந்தால் பக்கத்துச் சுவரையும் இழுத்துக்கொண்டுதான் போகும். நகர மன்றம், தேவாலயம், ரொட்டிக்கடை, நான் எழுதும் இந்த மேசை, எல்லாமே யாரோ சேற்றில் நின்று சொன்ன ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்லின் மேல் நிற்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. காலைக்கூட மெதுவாகத்தான் ஊன்றுகிறேன்.

(கட்டுரையாகிறது. திரும்புகிறேன்.)

4

வோல்ஃபெர்ட் முழ நீளக் குச்சி ஒன்றை எடுத்தார். ஒரு முனையைத் தூணில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மூன்று விரல் காட்டினார்.

மூன்று இடி விழுந்தது. அதுவரை அவர் கண்ணை மூடியிருந்தார்.

“கீழ மணல் இல்ல. மரம்.”

“மரத்தைத்தானே அடிச்சோம்!” என்றான் யெல்லே, அவர் முகத்துக்கு நேராக.

“நாம இறக்கினது இல்ல. குறுக்கே படுத்துக் கெடக்கற மரம். இன்னிக்குத் தாங்கும். மேல வீடு ஏறினதும் உடையும்.”

அலைடாவின் முகம் சிவந்தது. “சரி, பிடுங்குங்க. நுனியில மணல் ஒட்டியிருந்துச்சுன்னா, இந்தக் கரையில உங்க பாட்டு இனிமே கேக்காது. வாசல் வாசலாப் போய் நானே சொல்வேன்.”

வோல்ஃபெர்ட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. பாட்டைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. அவர் ஆட்களைப் பார்த்தார்.

யெல்லேதான் முதலில் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டான். பிறகு ஒருவன்கூட பீரைப் பற்றிப் பேசவில்லை.

5

‘சங்கிலி கட்டி, நெம்புகோல் போட்டு, மூன்று மணி நேரம் போராடி வெளியே எடுத்தார்கள். நுனியில் வெறும் மணல். வோல்ஃபெர்ட் தொப்பியைக் கழற்றி—’

கோடு போட்டு அடித்துவிட்டேன். இந்த முடிவிலும் தூண் ஒரு முழம் தள்ளிப் போகும். வேறு மேஸ்திரி வந்து அடித்திருப்பார். சாட்சியம் இரண்டுக்கும் பொருந்துகிறது. எனக்குத்தான் மனசு வரவில்லை. கல்நெஞ்சக்கார வாசகர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

என் முடிவு இது: நசுங்கிய நுனியில் கரி போல் கறுத்த நார் கொத்தாகச் செருகியிருந்தது. இந்தச் சதுப்பில் மனிதக் கால் படுமுன்னே நின்று, விழுந்து, புதைந்த ஏதோ மரம். ஊரைத் தாங்கும் காட்டுக்கும் அடியில் இன்னொரு காடு.

அலைடா அதைத் தொட்டாள். முகர்ந்தாள்.

“ஒரு முழம் தள்ளி அடிங்க,” என்றாள். பிறகு, தூணையே பார்த்துக்கொண்டிருந்த வோல்ஃபெர்ட்டின் முதுகைப் பார்த்து, “இத்தனை பேருக்குக் கேக்காதது உங்களுக்கு மட்டும் எப்படி மேஸ்திரி கேட்டுது?”

அவர் திரும்பவில்லை. யெல்லே முந்திக்கொண்டான்.

“எங்க மேஸ்திரிக்குப் பாம்புக் காதும்மா!”

யாரும் சிரிக்கவில்லை.

6

ஒளித்ததைச் சொல்கிறேன்.

வோல்ஃபெர்ட்டுக்குக் காது கேட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. இடிச் சத்தம் தின்றுவிட்டது. தன் பாட்டே அவருக்குக் கேட்காது. எதிரே நிற்பவர்களின் உதட்டையும் ஏறி இறங்கும் வடத்தையும் பார்த்தே காலம் தள்ளினார். மண்ணுக்கடியில் இருப்பதைக் குச்சி வழியே பல்லில் ஏறும் அதிர்வு சொல்லும். தெரிந்தால் வேலை போய்விடும் என்று மனைவியைத் தவிர எவரிடமும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டு பேருக்கும் தெரியும்.