முன்மூடியைத் திறந்து வைத்த வண்டி

மணல்மேட்டுப் போட்டியில் இரண்டாவது ஏற்றத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. எஞ்சினை அணைத்து முன்மூடியைத் திறந்து வைக்கச் சொன்னேன். வண்டிக்குச் சொந்தக்காரன், ஓட்டுகிறவன் ஸஹ்ரான் மாட்டேன் என்றான்.

எங்கள் பாலைவன ஊர் பிதியாவில் மணல்மேட்டின் அடியில் முன்மூடியைத் திறப்பவன் தோற்றவன். வண்டி படுத்துவிட்டது, மெக்கானிக் குடைகிறான் என்று ஜனம் முடிவு கட்டிவிடும். அதனால் வரிசையில் நிற்கிற எல்லா வண்டியும் எஞ்சின் ஓட, மூடி இறுக, உறுமிக்கொண்டே நிற்கும். கூட்டம் கை தட்டினால் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்துப் பதில் சொல்ல வேண்டும். அது மரியாதை. அந்த மரியாதைதான் மூன்று வாரமாக எங்கள் வண்டியைக் கொன்றுகொண்டிருந்தது.

முதல் ஏற்றத்தில் அது உச்சிக்கு ஓடும். இரண்டாவதில் முக்கால் மேட்டில் மூச்சு முட்டி நின்றுவிடும். ஸஹ்ரான் ஒட்டகத் தீவன வியாபாரி, நாற்பது வயது, சொன்னால் சொன்னதுதான். இன்றும் நின்றால் திங்கட்கிழமை வண்டியை மஸ்கட் பட்டறைக்கு அனுப்பிவிடுவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டான். அவர்கள் நான் கோத்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைப்பார்கள். பதினோரு வருஷமாக என் கையில் இருக்கிற வண்டி. அது போனால் பிதியாவில் வேறு எவன் என்னிடம் ஒரு எஞ்சினைக் கொடுப்பான்?

ஆனால் எஞ்சினில் கோளாறு இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சுடும். அதை ஆற்றத்தான் நடுவில் இன்டர்கூலர் பெட்டி, அதற்குள் ஓட ஐஸ் தண்ணீர், தண்ணீரைச் சுற்றிவிட ஒரு சின்ன மோட்டார். வண்டி ஓடும்போது எல்லாம் சரி. நின்ற இடத்தில் உறுமினால் உள்ளே இருக்கும் குழாய், பெட்டி, இரும்பு எல்லாம் அடுப்புக்கல்லாகிவிடும். பிறகு உள்ளே போகிற காற்றும் அந்தக் கல்லைத் தொட்டுத்தான் போக வேண்டும். சுட்ட காற்றில் பலம் இல்லை. அதைக் கண்டதும் வண்டியின் கம்ப்யூட்டர் பயந்து எஞ்சினை அடக்கிவிடும். நோய் எஞ்சினில் இல்லை, நிற்கிற நிற்பில் இருக்கிறது.

இதற்காக இடது முன்விளக்கையே கழற்றி, அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று வர நெய் டின்னை வெட்டிக் குழாய் செய்து வைத்திருந்தேன். ஒற்றைக்கண் வண்டி என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். இன்றைக்கு முதல் ஏற்றத்தில் எங்கள் வண்டிதான் எல்லாரையும் விடச் சீக்கிரம் ஏறியது.

இரண்டாவதற்கு ஆறு பை ஐஸ் பெட்டியில் இருந்தது. அந்த நம்பிக்கையில் நான் கை கால் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் பக்கத்து ஊர் இப்ராவிலிருந்து ஸஹ்ரானின் தாய்மாமன் முஸல்லம் பதினான்கு பேரோடு வந்து இறங்கியிருந்தார். பாய் விரித்தாயிற்று, அல்வாத் தட்டு வைத்தாயிற்று, காப்பி சுற்றுகிறது. எல்லார் கையிலும் மோர்க் குவளை. குவளைக்குக் குவளை ஐஸ். பையை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தது ஸஹ்ரான்தான்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு கைப்பிடி மிச்சம்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். வண்டிக்கு வைத்த ஐஸ் என்று தெரியாதா என்றேன். தெரியும் என்றான். வெயிலில் வந்த மாமன் தண்ணீர் கேட்கும்போது இது வண்டிக்கு என்று சொல்லச் சொல்கிறாயா என்றான். சொல்ல முடியாதுதான். நானாக இருந்தாலும் ஊற்றித்தான் இருப்பேன்.

"சரி, குடிச்சது குடிச்சாச்சு" என்றேன். "ஐஸ் இல்லாமலே ஏத்துறேன். நான் சொல்றபடி கேப்பியா?"

"மூடியைத் திறக்கறதத் தவிர எது வேணா சொல்லு, உஸ்தா." மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அதத்தான் சொல்றேன். திறந்தா ஊரு பத்து நிமிஷம் சிரிக்கும். திறக்கலன்னா வண்டி முக்கால் மேட்டுல நிக்கும், அப்புறம் வருஷம் பூரா சிரிப்பாங்க. எது வேணும்னு நீயே பாத்துக்க."

அவன் சாவியை என் கையில் போட்டுவிட்டு, மாமனுக்குக் காப்பி ஊற்றப் போய்விட்டான்.

வண்டியை வரிசையிலிருந்து விலக்கி, கிழக்கே திருப்பி, காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தி அணைத்தேன். மூடியைத் திறந்தேன். மோட்டார் மட்டும் பாட்டரியில் ஓடித் தண்ணீரைச் சுற்றட்டும் என்று விட்டேன். மற்றவர்கள் ஈரச் சாக்கை மூடிக்கு மேலே போடுவார்கள். தொப்பியை நனைத்தால் வயிற்றுக் காய்ச்சல் குறையுமா? நான் சாக்கை நனைத்துக் கிழித்து, டர்போவை விட்டுத் தள்ளி, குழாயிலும் பெட்டியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் நேராகச் சுற்றினேன். காய்ந்த காற்று அடித்தது. மரத்தில் கட்டித் தொங்கவிட்ட மண்குடத்துத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அதே வேலைதான்.

வரிசையில் முன்னால் இருந்த பத்ர் கண்ணாடியை இறக்கினான். இந்த மாசம் முழுக்க எங்களை ஜெயித்தவன்.

"என்ன ஸஹ்ரான், உன் வண்டி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது? பல்வலியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காப்பி ஊற்றிவிட்டு வண்டிப் பக்கம் வந்திருந்த ஸஹ்ரானின் காது சிவந்தது. அவன் கை மூடியை நோக்கிப் போவதைப் பார்த்தேன். அதற்குள் பாயில் உட்கார்ந்திருந்த முஸல்லம் மாமா, குவளையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"ஒட்டகம் வாயத் திறந்தாத்தான் கடிக்கும், தம்பி. நீ கொஞ்சம் தள்ளியே நில்லு."

ஸஹ்ரானின் கை இறங்கிவிட்டது. மூடி திறந்தபடியே இருந்தது.

சாக்கு சுற்றுவதற்கு முன்பு குழாயில் கை வைத்தால் ஒன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது. அரை மணி கழித்துக் கையை வைத்தபடி இருபது எண்ணினேன். எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டைக் காட்டும் மீட்டர் முப்பத்தெட்டு டிகிரி என்று காட்டியது. முதல் ஏற்றம் முடிந்து இறங்கும்போது எழுபத்தாறு இருந்தது.

இன்னொரு சங்கடம் இருந்தது. எங்கள் இடத்திலிருந்து புறப்பாட்டுக் கோடு அறுபது அடி. வரிசையில் இன்னும் மூன்று வண்டி. எஞ்சினைப் போட்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் சம்பாதித்த குளிர்ச்சியெல்லாம் போய்விடும். மாமாவிடம் போனேன். ஐஸ் குடித்தவர்கள் எல்லாரும் எழுந்திருக்க வேண்டும், வண்டியைத் தள்ள வேண்டும் என்றேன். விருந்தாளியிடம் அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

அவர் என்னையும் காலிப் பைகளையும் பார்த்தார். அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

பதினைந்து பேரும் தள்ளினார்கள். அந்த இடம் சரளைத் தரை, வண்டி உருண்டது. கூட்டம் ஊளையிட்டது. எஞ்சினே கிளம்பவில்லை என்று ஒலிபெருக்கிக்காரன் இரக்கப்பட்டான். ஒவ்வொரு முறை வரிசை நகரும்போதும் தள்ளினார்கள். எங்களுக்கு முன்னால் போன பத்ரின் வண்டி பதினைந்து நிமிஷம் உறுமிவிட்டு ஏறியது. உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது திணறி நின்று பின்னால் வழுக்கியது.

கோட்டில் நின்றதும் சாக்குகளை உருவினேன். மூடியை அடைத்துக் கொக்கியை மாட்டினேன். கூட்டம் கை தட்டினால் கேட்காதே, பச்சை விளக்கு எரிந்த பிறகு மிதி என்று ஸஹ்ரானிடம் சொன்னேன். பச்சை எரிவதற்குச் சற்று முன்புதான் சாவியைத் திருப்பினான்.

அவன் கிளம்பிய பிறகு நான் பார்க்கவில்லை. கேட்டேன். எஞ்சின் பொய் சொன்னால் காதுக்குத் தெரியும். பாதி மேடு, சுருதி குறையவில்லை. முக்கால் மேடு. மூன்று வாரமாக அது இருமுகிற இடம். அங்கே சத்தம் இன்னும் ஒரு பிடி கூடியது. பிறகு சட்டென்று நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். வண்டியைக் காணோம். உச்சியில் புழுதி மட்டும் நின்றது. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டான்.

மாமா ஆட்கள் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் போன் அடித்தது. ஸஹ்ரான் மேலேயிருந்து பேசினான்.

"உஸ்தா, மீட்டர் அம்பத்தொம்போது. அதுக்கு மேல ஏறவே இல்ல."

"தெரியும்."

"மஸ்கட்காரன் திங்கக்கிழமை லாரி அனுப்புறேன்னு சொல்லியிருக்கான். அவனுக்கு என்ன சொல்றது?"

"லாரி காலியாத்தான் திரும்பும்னு சொல்லு" என்றேன். "இப்ப மூடியத் திற. அங்க நல்ல காத்து அடிக்கும்."