சரிதா கொண்டுபோன சேதிகள்

வங்காளத்துப் பவானிபூரில் இட்லிக் கடை நடத்தும் மாரியப்பனும் அவர் மகள் மஹிமாவும் துர்கா பூஜை முடிந்ததிலிருந்து நேருக்கு நேர் பேசுவதில்லை. ஊரின் மறுகோடியில் சால்ட் லேக்கில், ஆபீஸுக்குப் பக்கத்திலேயே தோழியோடு தனி வீடு எடுத்துத் தங்கப்போவதாக அவள் சொன்னதில் வந்த சண்டை. அதன் பிறகு "அப்பாகிட்ட சொல்லும்மா", "அவகிட்ட சொல்லு" என்று எல்லாம் மாரியப்பனின் மனைவி சரிதா வழியாகவே போய் வந்தன. அலுத்துப்போன சரிதா, இருவரையும் குடும்ப ஆலோசகர் சுப்ரியாவிடம் இழுத்து வந்தாள்.

சுப்ரியா வங்காளி. "எனக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை, உங்களுக்குள் தமிழிலேயே பேசுங்கள்," என்று வங்காளத்தில் சொன்னார். பிறகு சரிதாவிடம், அக்கா என்ற முறையில், "தீதி, நீங்கள் மட்டும் கொஞ்ச நேரம் பேசக் கூடாது" என்றார்.

மஹிமாதான் ஆரம்பித்தாள். "நான் போறதுக்குத்தான் நீங்க ஒத்துக்கிட்டீங்களேப்பா! அப்புறமும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? போகலைன்னு நீதான சொல்லி அனுப்புன?"

"நானா? வீடே பாத்தாச்சுப்பா!"

இருவரும் சரிதா பக்கம் திரும்பினார்கள். அவள் பரிதாபமாகச் சுப்ரியாவைப் பார்த்தாள். சுப்ரியாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, முகங்கள் புரிந்தன. "சரி, சொல்லுங்கள்" என்றார் சரிதாவிடம்.

"பின்ன என்ன செய்ய? இவர் 'போறவ ஒரேயடியாப் போகட்டும்'ங்கறார். நீ 'அப்பாவுக்கு எம்மேல பாசமே இல்ல'ங்கற. அதை அப்படியே கொண்டுபோய்க் குடுக்க முடியுமா? ரெண்டு பேருக்கும் பிடிக்கிற மாதிரி மாத்திச் சொன்னேன்."

மஹிமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாரியப்பன் சிரிக்கவில்லை.

"பாசம் இல்லைன்னா நெனச்ச? நீ வீடு வந்து சேந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும். அங்க போயிட்டா, நீ வந்துட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்றேன்பா."

"உங்கம்மாவுக்குத்தான பண்ணுவ?"

"இல்லப்பா, உங்களுக்கு," என்றாள் மஹிமா. மாரியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

"என்ன பேசிக்கொண்டார்கள்?" என்று சுப்ரியா ஆவலாகக் கேட்டார்.

"அவங்களையே கேளுங்க, நான் இனி யாருக்கும் எதையும் சொல்றதா இல்ல," என்றாள் சரிதா, சுத்தமான வங்காளத்தில்.

அடுத்த மாதம் மஹிமா குடிபோனாள். கேஸ் அடுப்பைக் கிழக்கே வைப்பதா, ஜன்னல் ஓரம் வைப்பதா என்று அப்பாவும் மகளும் புது வீட்டில் காலை முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சரிதா அவர்களோடு போகவில்லை. பவானிபூரில் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.